அண்ணன் இருந்த படை

என் அண்ணன் என்னை 'வாங்க' என்று கூப்பிட ஆரம்பித்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. உடன்பிறந்த அண்ணன், என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஊரில் இதைப் பெருமையாகப் பேசுகிறார்கள். "தம்பின்னாலும் ஆபீசருக்குக் குடுக்கிற மருவாதியக் குடுத்துர்றாப்ல பாருங்க" என்று டீக்கடையில் என் காதுபடவே சொல்கிறார்கள். அந்த மரியாதையை நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது பழையபடி ஒரு 'வாடா'. அதை வாங்க எந்தப் பரீட்சை எழுத வேண்டும் என்றுதான் இதுவரை யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் ஊர் பரளச்சிக்கும் திருச்சுழிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கரிசல் காடு. மழை பெய்தால் கொத்தமல்லி, மிளகாய் வத்தல். பெய்யாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவோம். நான் ஒன்பதாவது படிக்கும்போதே அப்பா போய்விட்டார். அண்ணன் அப்போது ராணுவத்தில் சிப்பாய், சேர்ந்து கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. காரியத்துக்கு வந்தவர், எல்லாம் முடிந்து பஸ் ஏறப் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏலே, நீ ஆர்மிக்கு மட்டும் வந்துராத. ஏர்போர்ஸுக்கு எழுது. அங்க ஆளை ஆளா மதிப்பாகளாம். சேத்துல உருள்றதுக்கு நான் ஒருத்தன் இருக்கேன்ல."

பன்னிரண்டாவது முடித்ததும் அவர் சொன்னபடியே எழுதினேன், கிடைத்தது. பயிற்சி முடிந்து ஒரு விமானத்தளத்தில் போட்டார்கள். விமானத்தின் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்து எங்கே எண்ணெய் கசிகிறது, எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்று பார்க்கும் வேலை. விமானப்படையில் இருக்கிறேன் என்றால் ஊரில் எல்லோரும் நான் பறக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மா மேலே சத்தம் கேட்டால் மல்லிக் காட்டிலிருந்து கையை ஆட்டுவாளாம். அந்த விமானம் பாவம், துபாய்க்கோ கொழும்புக்கோ போய்க்கொண்டிருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணன் போன் செய்வார். மலையில் எங்காவது சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டு பேசுவார். குடும்ப விஷயம் இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். அதற்கப்புறம் எங்களுக்கு ஒரே பேச்சுதான். அவரவர் ஆபீசர்களைக் கேலி செய்வது. அவர் யூனிட்டில் ஒரு கேப்டனின் நாயைக் காலையில் நடத்திக்கொண்டு போவது சில நாள் அண்ணன் தலையில் விழுந்தது. "அதுக்கு இங்கிலீசு மட்டுந்தான்டா புரியுது. 'வா'ன்னா வர மாட்டேங்குது. 'கம்'முன்னா வருது. நாய்கூட ஆபீசரு நாயிதான்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். என் பங்குக்கு நான் ஒருவரைச் சொல்வேன். எது சொன்னாலும் 'வெரி குட்' என்பார். ஒருவன் தன் மாமனார் செத்துப்போனார், லீவு வேண்டும் என்று நின்றபோதும் 'வெரி குட்' என்றார். அண்ணன் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பார். அண்ணன் தம்பி என்று நாங்கள் ஒட்டிக்கொண்டு இருந்ததே அந்தச் சிரிப்பால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு ஆபீசர் ஆசை நாட்டுப்பற்றால் வரவில்லை. அப்படிச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பொய். ஒரு மழை நாளில், கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஆபீசர்கள் மெஸ் வாசலுக்கு என்னை அனுப்பினார்கள். உள்ளே விருந்து நடந்துகொண்டிருந்தது. இருக்கச் சொன்னார்கள், இருந்தேன். கூரைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். உள்ளேயிருந்து என்னைவிடச் சின்னவனாக ஒருவன், மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை, வெளியே வந்து பார்த்துவிட்டு, "நனையாமல் நிற்கத் தெரியாதா?" என்று இந்தியில் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். அந்தக் கதவுக்கு உள்பக்கம் போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். வயிற்றெரிச்சல்தான், வேறொன்றும் இல்லை.

விமானப்படையிலேயே ஆபீசராக வழி இருந்தது. அதற்குப் பட்டப்படிப்பு கேட்டார்கள், என்னிடம் இருந்தது பன்னிரண்டாவது மட்டும். எனக்குத் திறந்திருந்தது ஒரே ஒரு வழி. முப்படையிலும் கீழே வேலை பார்க்கும் பையன்களை எடுத்து டேராடூனில் படிக்கவைத்து ஆபீசராக்கும் ஒரு கல்லூரி உண்டு. எந்தப் படையிலிருந்து போனாலும் வெளியே வரும்போது தரைப்படை ஆபீசர். எழுதினேன், தேர்வானேன். தேர்வாகிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடவில்லை. தோற்றுப் போனவனைப் படையில் பார்க்கிற பார்வை தெரியும், அதற்குப் பயந்துதான்.

முடிவு வந்த அன்றைக்கு முதல் போன் அண்ணனுக்குத்தான்.

"அண்ணே, நான் ஆபீசராகப் போறேண்ணே."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். பக்கத்தில் இருந்தவர்களிடம் இந்தியில் கத்திச் சொல்கிறார், என் தம்பி, என் தம்பி என்று. பிறகு என்னிடம், "ஏரோப்ளேன் ஓட்டுவியாடா?" என்று கேட்டார்.

"ஏர்போர்ஸ் இல்லண்ணே. ஆர்மி. ட்ரெய்னிங் முடிஞ்சதும் ஆர்மி லெப்டினன்ட்."

கூச்சலை விட்டுத் தள்ளி வந்தார்.

"ஏன்டா, ஒனக்கு வேற படையே கெடைக்கலயா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். அப்படிப்பட்ட கேள்வியைச் சிரித்துக்கொண்டு கேட்கிற மனிதர்தான் அவர். அதனால் அது கேள்வி என்பதே எனக்குப் புரியவில்லை.

பயிற்சி முடியும் நாளில் அம்மாவும் அண்ணனும் டேராடூனுக்கு வந்தார்கள். அணிவகுப்பு முடிந்ததும், வீட்டு ஆட்கள்தான் புது ஆபீசரின் இரண்டு தோளிலும் நட்சத்திரம் குத்த வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். மற்றவர்களுக்கு அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். எனக்கு அப்பா இடத்தில் அண்ணன். அதற்குள் அவர் ஹவில்தார் ஆகியிருந்தார், சிப்பாய்க்கு மேலே, ஆபீசருக்குக் கீழே. அம்மா குத்திய ஊசி என் சட்டையைத் தாண்டித் தோளில் ஏறியது. அண்ணன் ஒரே தடவையில் குத்தினார். எத்தனையோ பேருக்கு உடுப்பு சரி செய்த கை. குத்தி முடித்துவிட்டு ஒரு அடி பின்னால் போனார். வேட்டி கட்டி வந்தால் கேலி செய்வார்கள் என்று புதிதாக எடுத்துப் போட்டிருந்த பேன்ட் சட்டை. குதிகால் இரண்டையும் சேர்த்தார், நெஞ்சை நிமிர்த்தினார், விறைப்பாக நின்றார்.

"ஜெய்ஹிந்த், சாப்."

"விளையாடாதண்ணே" என்றேன்.

அவர் முகத்தில் விளையாட்டே இல்லை. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னய்யா இப்படி விறைச்சுக்கிட்டு நிக்க, போட்டா எடுக்காகளா?" என்று அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தாள். என்னைச் சுற்றிலும் ஆட்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நானும் அவரைக் கட்டிப்பிடித்தேன். கட்டையைக் கட்டிப்பிடித்த மாதிரி இருந்தது.

அப்போதுகூடச் சரியாகப் போயிருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். ஊர்ப் பையன்கள் புகுந்து கெடுத்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பாசத்தில். பாசத்தில் செய்கிற காரியத்தைத் திட்டவும் முடியாது, பிடுங்கி எறியவும் முடியாது.

பங்குனிப் பொங்கலுக்கு இரண்டு பேரும் லீவில் வருகிறோம் என்று தெரிந்ததும், அருப்புக்கோட்டையில் பெரிதாக ஒரு பிளக்ஸ் அடித்து வந்து பஸ் நிறுத்தத்தில் கட்டிவிட்டார்கள். 'எங்கள் மண்ணின் இரு சிங்கங்கள்' என்று மேலே எழுத்து. கீழே கூலிங்கிளாஸ் போட்டு அவர்கள் முகங்கள் வட்டம் வட்டமாக. நடுவில் நானும் அண்ணனும். அண்ணன் உடுப்பில் இருக்கிற போட்டோ என்று வீட்டில் இருந்ததே ஒன்றுதான். குடியரசு தினத்துக்கு அணிவகுப்பில் போகும்போது, பக்கவாட்டில் முகத்தைத் திருப்பி, கையைத் தூக்கி சல்யூட் அடிக்கிற போட்டோ. என்னுடையது நேராக நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற போட்டோ. அண்ணன் படத்தை இடது பக்கம் வைத்து, என் படத்தை வலது பக்கம் வைத்து, இடையில் தேசியக் கொடியைப் பறக்கவிட்டிருந்தார்கள். அண்ணன் எனக்கு சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார். நான் அதைக் கண்டுகொள்ளாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடு கன்று பார்க்கிற உயரத்தில் இல்லை அது, தூரத்து ஊர்க்காரனும் பஸ்ஸில் இருந்தபடியே பார்க்கிற உயரம்.

நான்தான் முதலில் வந்து சேர்ந்தேன். பார்த்ததும் பையன்களைக் கூப்பிட்டு, "இதை அவுருங்கப்பா" என்றேன்.

"ஏண்ணே? ரெண்டு பேரையும் ஒரே சைசுலதான போட்டுருக்கோம்?"

அவர்களுக்கு எப்படி விளக்குவது? படம் சமமாகத்தான் இருந்தது. அளந்து பார்த்தால் ஒரு விரல்கூட வித்தியாசம் இருக்காது. "பெரியண்ணே பாத்தா சந்தோசப்படுவாகண்ணே" என்று ஒருவன் அடித்துச் சொன்னான். நான் ஏணி கேட்டு அலைந்துகொண்டிருக்கும்போதே அருப்புக்கோட்டை பஸ் வந்துவிட்டது.

அண்ணன் இறங்கினார். பையன்கள் வெடி போட்டார்கள். பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். ஒரு சிப்பாய் எதையும் எப்படிப் பார்ப்பானோ அப்படி, மேலேயிருந்து கீழே வரை ஒழுங்காகப் பார்த்தார். "நல்லாருக்குப்பா, நல்லாப் போட்டுருக்கீக" என்றார். ஒருவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வாங்க. எப்ப வந்தீக?"

அதுதான் முதல் 'வாங்க'. பையன்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் அவர் காட்டைப் பார்க்கப் போனபோது நானும் பின்னாலேயே போனேன். மல்லி எடுத்து முடித்த காடு, வெடித்துக் கிடந்தது. வரப்பில் நிறுத்தி, "பயலுக தெரியாமப் பண்ணிட்டானுகண்ணே, அதைப் போய் மனசுல வச்சுக்கிட்டு" என்று ஆரம்பித்தேன்.

"அவனுக மேல என்ன தப்பு? உள்ளதத்தான் போட்டுருக்கானுக."

"நம்ம ரெண்டு பேரும் வேற வேற ரெஜிமென்ட். நீ எனக்கு எங்க சல்யூட் அடிக்கப் போற? இப்ப ரெண்டு பேரும் லுங்கியிலதான நிக்கோம்?"

"லுங்கி கட்டிருந்தாலும் நான் அவில்தார்தான்" என்றார். "நீங்க ஏர்போர்ஸ்ல எம்புட்டுப் பெரிய ஆளா வந்திருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல. அது வேற வீடு. இது நான் இருக்கிற வீடு. நான் பதிமூணு வருசமாத் தரையைத் தொடைச்சுக்கிட்டுக் கெடக்கிற வீட்டுக்குள்ள, நேத்து வந்து கட்டில்ல உக்காந்துட்டீக."

பொறாமை என்று நினைத்தேன். சில வருடம் அப்படித்தான் நினைத்து அவர்மேல் கோபமாக இருந்தேன். பொறாமையாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு தட்டு தட்டிக்கொண்டு சமாதானம் ஆகியிருப்போம். அவர் என்னைத் திட்டவில்லை, ஊரில் யாரிடமும் குறை சொல்லவில்லை. தன் மேலதிகாரியிடம் ஒரு ஹவில்தார் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தார், அவ்வளவுதான். அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது. என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்னை?

ஒருமுறை இரண்டு பேர் லீவும் ஒன்றாக அமைந்தபோது, அண்ணிக்கு மிக்ஸி வாங்க வேண்டும் என்று மதுரையில் ராணுவக் கேன்டீனுக்குச் சேர்ந்தே போனோம். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, காரியாபட்டி வரைக்கும் அவர் நன்றாகப் பேசிக்கொண்டுதான் வந்தார். கேன்டீனில் ஜவான்களுக்குத் தனி வரிசை, ஆபீசர்களுக்குத் தனி வழி. அவர் போய் வரிசையில் நின்றார். வெயில், நீள வரிசை. நான் அவர் பின்னால் போய் நின்றேன். அண்ணன் நிற்கும்போது நான் எப்படி உள்ளே ஏசியில் போய் நிற்பது என்ற நினைப்புதான். கேன்டீனைப் பார்த்துக்கொள்ளும் சுபேதார் எப்படியோ என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வந்தார். "சார், நீங்க ஏன் இங்க? அந்தப் பக்கம் வாங்க சார்." வரிசையில் இருந்த கிழவர்கள்கூட ஒதுங்கி வழி விட்டார்கள். நான் வரமாட்டேன் என்றேன். சுபேதார் விடவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன் என்னைப் பார்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "போங்க சார். ஏன் என்னைய அசிங்கப்படுத்துறீக?"

போனேன். மிக்ஸியை நான் எடுத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தால், அவரும் ஒரு மிக்ஸியை எடுத்துக்கொண்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். வீட்டில் இப்போதும் ஒன்று பிரிக்காமல் அட்டைப் பெட்டியில் இருக்கிறது.

இவ்வளவு கொடுத்து வாங்கின அந்தக் கதவின் உள்பக்கம் எப்படி இருந்தது என்று கேட்டால், சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்னோடு லெப்டினன்ட் ஆனவர்கள் எல்லாம் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். நான் அவர்களுக்கு மாமா மாதிரி. 'கீழேயிருந்து வந்தவர்' என்று மெஸ்ஸில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. என் இங்கிலீஷைக் கேட்டுவிட்டு மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுவார்கள். வயது கணக்கில் நான் மேலே போக முடிகிற தூரம் எதுவரை என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேஜர் ஆகிவிட்டேன். இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆபீசர்களைக் கேலி செய்ய ஆயிரம் கதை என்னிடம் சேர்ந்து கிடக்கிறது. உள்ளே இருந்து பார்த்த கதைகள், முன்னே சொன்னதைவிட நல்ல கதைகள். அதைக் கேட்டுச் சிரிக்கிற ஒரே ஆள் என்னிடம், "நல்லாருக்கீகளா? ஒடம்பு நல்லாருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறார்.

அண்ணன் ஹவில்தாராகவே ஓய்வு பெற்று வந்தார். இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் செக்யூரிட்டி. உடுப்பைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று அந்த நாளுக்காக நான் காத்திருந்தேன். ஓய்வு பெற்ற மனிதன் யாருக்கும் சல்யூட் அடிக்க வேண்டியதில்லை. ஆனால் 'வாங்க' நிற்கவில்லை.

அவருக்கு இரண்டு பையன்கள். பெரியவன் போன வருடம் அக்னிவீரனாக ராணுவத்தில் சேர்ந்தான். சின்னவன் பன்னிரண்டாவதில் நல்ல மார்க். அவன் என்னைப் போனில் கூப்பிட்டு, "சித்தப்பா, நான் ஆபீசருக்கு எழுதணும். அப்பா வேணாங்காக. நீங்க வந்து சொல்லுங்க" என்றான். என்னைப் போல மழையில் நின்று கற்றுக்கொள்ளாமல், நேராக அந்தக் கதவு வழியாகவே போகக்கூடிய பையன். லீவு போட்டுக் கிளம்பினேன்.

நான் போன நேரம் அண்ணன் களத்தில் காய்கிற வத்தலைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். காரம் மூக்கில் ஏறியது. "வாங்க" என்றார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அடுத்த பாத்தியைக் கிளறினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"சின்னவன் கட்டாயம் பாஸாயிருவாண்ணே. எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் வேணாங்குற?"

"காலேஜுக்குப் போகட்டும். வாத்தியாராகட்டும், பேங்குக்குப் போகட்டும். படைக்குத்தான் போவேன்னா, பெரியவன் மாதிரியே சிப்பாயாப் போகட்டும். ஆபீசரா வேணாம்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவரிடம் கத்தினேன். "என் மேல இருக்கிற கோவத்துக்கு, அந்தப் பிள்ளை வாழ்க்கையில ஏண்ணே மண்ணள்ளிப் போடுற? நான் என்ன செஞ்சேன் ஒனக்கு? ஒன் சோத்தைப் பிடுங்கித் தின்னேனா?"

வீட்டு வாசலில் இருந்த அம்மா எழுந்துகொண்டாள். அண்ணன் கிளறுவதை நிறுத்தினார். கோபப்படுவார், ஒரு அறை விடுவார் என்று எதிர்பார்த்தேன். விட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"கோவமெல்லாம் இல்லைங்க" என்றார். காலில் ஒட்டியிருந்த வத்தல் விதையைத் தட்டிவிட்டார். "பெரியவன் அங்க இருக்கான்ல. எனக்குத்தான் தம்பி இல்லாமப் போச்சு. அவனுக்காச்சும் இருக்கட்டும்."

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். அருப்புக்கோட்டையில் டியூஷனில் இருந்த சின்னவன் அன்று சாயங்காலம் போன் செய்தான், அப்பா என்ன சொன்னார் என்று கேட்க. நான் எடுக்கவில்லை.